வாலு வைத்த ஒரு வரி

நாற்பதைத் தொடப்போகிற ஒரு பெண்ணை, மூக்குக் கண்ணாடியும் கைப்பையில் தலைவலி மாத்திரையுமாக வேலைக்கு வருகிற ஒரு பெண்ணை, ஓர் அலுவலகமே ‘வாலு’ என்று கூப்பிடுகிறது என்றால் சும்மா கூப்பிடாது. அந்தப் பட்டத்தை அவள் உழைத்துச் சம்பாதித்திருந்தாள்.

வேலை, வீட்டு பிளான் வரைவது. டயர் கடைக்கு மேலே மூன்று மேஜை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு பெரிய பிரிண்டர். அந்தப் பிரிண்டரின் சின்னத் திரையில் ‘தயார்’ என்று ஒரு சொல் எப்போதும் தெரியும். ஒரு நாள் அந்த இடத்தில், ‘முதலில் டீ, பிறகுதான் பிரிண்ட்’ என்று வந்தது. முதலாளி நல்ல இன்ஜினியர், ஆனால் இயந்திரங்களுக்குப் பயந்தவர். இரண்டு முறை பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் டீ வரவழைத்தார். எல்லோரும் குடித்து முடித்த பிறகு பிரிண்ட் வந்தது. முதலாளிக்கு இன்றுவரை அது தற்செயல்.

வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில், மாமியாரின் அடுப்படியில் உப்பு டப்பாவின் மேலிருந்த பெயரைப் பிய்த்துச் சர்க்கரை டப்பாவில் ஒட்டினாள். சர்க்கரையின் பெயரை உப்பு டப்பாவில் ஒட்டினாள். மறுநாள் காலை மருமகளுக்கு மட்டும் உப்புப் போட்ட டீ வந்தது. அவள் துப்ப முடியாமல் விழுங்கியதை மாமியார் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, டீ நல்லா இல்லையா? சர்க்கரைன்னு எழுதியிருந்த டப்பாலேர்ந்துதானே போட்டேன்!”

“அத்தை... நீங்க கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு என் கைக்குத் தெரியும். பேர் உங்களை மாதிரிப் படிச்சவங்களுக்குத்தான் வேணும்.”

பாம்பின் கால் பாம்பறியும். அன்றைக்கே இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டை வந்ததில்லை. இடையில் அகப்பட்ட மகன் மட்டும், லிஃப்ட் பழுது பார்க்கிற அந்தச் சாது மனிதன் மட்டும், எந்தப் பக்கத்திலிருந்து எது வருமோ என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான்.

இப்போது அலுவலகத்தில் நடந்த கதைக்கு வருவோம். அவர்கள் பிளான் வரைகிற மென்பொருளுக்குள் ஒரு குட்டி மொழி குடியிருந்தது. திரும்பத் திரும்ப வருகிற வேலைகளை அதில் எழுதி வைத்துவிட்டால் அது தானே வரைந்துவிடும். அதில் எல்லாமே அடைப்புக்குறிக்குள்தான். குறியைத் திறந்ததும் வருகிற முதல் சொல் வேலை; பின்னால் வருவதெல்லாம் வேலைக்கான சரக்கு. ‘கூட்டு’ என்று சொல்லி இரண்டையும் மூன்றையும் பின்னால் வைத்தால் ஐந்தைக் கொடுக்கும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள்ளே இன்னொன்று என்று போய், கடைசியில் மூடுகிற குறிகள் மட்டும் கடைத்தெருவில் ஷட்டர் இறக்குகிற மாதிரி வரிசையாக விழும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். வாலுவுக்கு அது கைவந்த கலை.

அந்த மொழி பிறக்கும்போதே சில கட்டளைகள் அதனுடன் வந்திருந்தன. வரிசையில் முதல் ஆளைக் கொடு, மீதிப் பேரைக் கொடு, மொத்தம் எத்தனை என்று எண்ணு, பெரியதைச் சொல், வரிசையைத் திருப்பு. பில்ட்-இன் என்று ஊரெல்லாம் சொல்லும். வாலு அவற்றுக்கு வைத்த பெயர் ‘கூடப்பிறந்ததுங்க’. அவளுக்கு அவற்றின் மேல் பிரியம் அதிகம். எந்த வேலை வந்தாலும் கூடப்பிறந்தவற்றில் நாலைக் கூப்பிட்டு, ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகி, மூன்றே வரியில் முடித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள்.

பக்கத்து மேஜைக்காரர் இதற்கு நேர் எதிர். அவருக்கு அலுவலகப் பெயர் ‘கைப்பக்குவம்’. எந்தக் கட்டளையையும் தன் கையாலேயே எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எண்ணுவதற்கு மொழியிலேயே கட்டளை இருக்கும்; அவர் தனியாக ஒன்று எழுதி வைத்திருப்பார். பெரிய எண்ணைத் தேடவும் கட்டளை இருக்கும். அதற்கும் சொந்தமாக ஒன்று. கடையில் கிடைக்கிற நூலை வாங்காமல் பஞ்சிலிருந்து ஆரம்பிக்கிற ஆள். ஒரு நாள் டீ குடிக்கும்போது முதலாளியின் எதிரிலேயே சொன்னார்.

“அவங்க என்ன சார் எழுதறாங்க? எல்லாத்தையும் மொழியே செஞ்சு வெச்சிருக்கு. அவங்க அடைப்புக்குறி மட்டும் போடறாங்க. நான் எழுதறது ஒவ்வொண்ணும் நான் பெத்த பிள்ளைங்க சார்.”

“ஆமா சார்,” என்றாள் வாலு. “பிரசவம் மட்டும் பத்து மாசம் ஆகுது.”

முதலாளி சிரித்தார். கைப்பக்குவமும் சிரித்தார். ஆனால் வாலுவுக்கு உள்ளே சுருக்கென்றது. அடைப்புக்குறி மட்டும் போடுகிறவளா நான்? இருக்கட்டும் என்று டீக் கோப்பையைக் கழுவி வைத்தாள். அவள் கோப்பையை இவ்வளவு மெதுவாகக் கழுவினால் யாருக்கோ ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

அந்தக் குட்டி மொழியில் ஒரு பலவீனம் உண்டு. கூடப்பிறந்த கட்டளைகளின் பெயர்களுக்குக் காவல் கிடையாது. யார் வேண்டுமானாலும் போய், ‘இனிமேல் இந்தப் பெயருக்கு இது அர்த்தம்’ என்று சொன்னால், மொழி மறுபேச்சில்லாமல் தலையாட்டும். மறுநாள் கைப்பக்குவம் சாப்பிடப் போன நேரத்தில், அவருடைய கம்ப்யூட்டர் காலையில் கண் விழித்ததும் படிக்கிற கோப்பில், வாலு ஒரே ஒரு வரி சேர்த்தாள். ‘ரிவர்ஸ்’ என்கிற கட்டளைக்குப் புது அர்த்தம். முன்பு ஒரு வரிசையைக் கொடுத்தால் தலைகீழாகத் திருப்பித் தரும். இனிமேல் கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பித் தரும். அதாவது, வேலை செய்வதுபோல் பாவனை செய்துவிட்டுச் சும்மா இருக்கும். அப்படிப்பட்ட ஊழியர்களை உலகம் பார்த்ததில்லையா என்ன!

ஏன் அந்தக் கட்டளையைத் தேர்ந்தெடுத்தாள் என்பதில்தான் அவளுடைய மூளை இருக்கிறது. அந்த மொழியில் ஒரு வரிசைக்கு முன்பக்கம் ஆள் சேர்ப்பதுதான் சுலபம். தட்டு அடுக்குகிற மாதிரி, கடைசியாக வைத்தது மேலே இருக்கும். அதனால் அதில் எழுதுகிற எல்லோரும் மளமளவென்று மேலே அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு ரிவர்ஸ் போட்டு நேராக்கிக்கொள்வார்கள். அந்த ரிவர்ஸ் வேலைநிறுத்தம் செய்தால், மாடிப்படிக்கு எண் போட்டால் உச்சியிலிருந்து ஒன்று, இரண்டு என்று இறங்கும். கைப்பக்குவம் தலையைப் பிய்த்துக்கொண்டு, தான் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்து விசாரிப்பார். கடைசியில், “மேடம், கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்று இவளிடம்தான் வருவார். அதுதான் திட்டம்.

அவள் காத்திருந்தாள். அவர் மேஜையிலிருந்து ஒரு முனகலாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவர் பாட்டுக்குத் தட்டினார், வரைந்தார், மாடிப்படிக்கெல்லாம் கீழிருந்து மேலாக ஒழுங்காக எண் போட்டு பிரிண்ட் எடுத்தார். ஒரு வாரமாயிற்று, இன்னும் சில வாரமாயிற்று. பிறகு அவளுக்குச் சொந்த வீட்டு வேலை வந்து சேர்ந்தது. வைத்த கண்ணியை மறந்தே போனாள்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைவிட ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் இருந்த வாடகை வீட்டின் அடுப்படிக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். மாமியார் புதுப்பெண்ணாக வந்த நாளிலிருந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சமைத்தார். சுவரில் இருந்த விரிசல் கிளை விட்டு வளர்ந்ததுகூட அவருக்குத் தெரியும். தெருவில் சத்தம் கேட்டால் கரண்டியோடு வாசலுக்கு ஓடுவார். அதற்குள் சண்டை போட்டவர்கள் சமாதானமாகி ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். மகனைக் கேட்டால், “ஒண்ணுமில்லம்மா” என்பான். உலகத்தில் நடக்கிற அத்தனை சுவாரசியத்துக்கும் அவனிடம் இருந்த ஒரே சொல் அதுதான்.

மூலை மனை ஒன்று அமைந்தபோது மாமியார் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ என்ன வேணா வரைஞ்சுக்கோ. எனக்குத் தனி ரூம் வேண்டாம், ஹால்லயே படுத்துக்கறேன், டிவி அங்கதானே இருக்கும். ஒண்ணே ஒண்ணுதான். அடுப்புல நின்னா எனக்குத் தெரு தெரியணும்.”

வழக்கமாக எதற்கும் ஒரு குறும்பு பதில் வைத்திருக்கிறவள், அன்றைக்கு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தெரியும் அத்தை. நான் வரையற வீடு அது.”

மனையின் முன்னால் ஆளரவமற்ற ஒரு சந்து. இடது பக்கம் ஒரு கிடங்கின் நெடுஞ்சுவர். வலது பக்கம்தான் தெரு. பஸ் நிறுத்தம், தையல் கடை, டீக்கடை, போவோர் வருவோர் என்று நாள் முழுக்கக் கலகலப்பு. வாலு மூன்று அறைகளை ஒரே வரிசையில் போட்டாள். இடது ஓரத்தில், கிடங்குச் சுவரை ஒட்டி, அவளுக்கும் கணவனுக்கும் பன்னிரண்டடி அகலத்தில் படுக்கையறை. நடுவில் பதினாறடி ஹால். வலது ஓரத்தில், தெருவைப் பார்த்து, எட்டடியில் அடுப்படி. படுக்கையறையில் பெரிய கட்டில், சுவர் நீள அலமாரி, தனக்கென்று ஒரு மேஜை எல்லாம் மனதிலேயே வாங்கிப் போட்டாயிற்று.

பிளானைப் பார்த்த மாமியார், “என் அடுப்படி மட்டும் கொஞ்சம் சின்னதா இருக்கோ?” என்றார்.

“ஜன்னல்தானே அத்தை கேட்டீங்க?” என்றாள் மருமகள்.

“ஆமா ஆமா, ஜன்னல்தான் கேட்டேன்,” என்று மாமியார் பிளானைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாமியார் வாராவாரம் காலி மனைக்குப் போய்விடுவார். குடையைப் பிடித்துக்கொண்டு வலது மூலையில் நின்று, இன்னொரு கையால் இல்லாத வாணலியில் இல்லாத கரண்டியைப் போட்டுக் கிண்டியபடி தெருவை வேடிக்கை பார்ப்பார். டீக்கடைக்காரர் முதல் தடவை பயந்துபோனார். பிறகு பழகிவிட்டது, “பெரியம்மா, இன்னிக்கு என்ன சமையல்?” என்று கேட்பார்.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முதல் நாள், மேஸ்திரிக்கு மார்க்கிங் ஷீட் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் அறையின் பெயரெல்லாம் இருக்காது. இடது கோடியிலிருந்து ஆரம்பித்து, சுவர்கள் எத்தனை எத்தனை அடியில் வரும் என்று கோடும் எண்ணும் மட்டும்தான். அதைத் தயாரிக்க வாலு எப்போதோ ஒரு நிரல் எழுதியிருந்தாள், மூன்று வரிதான், முழுக்க முழுக்கக் கூடப்பிறந்தவை. அகலங்களை இடமிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னால் அடுக்கிக்கொண்டு, கடைசியில் ஒரு ரிவர்ஸ் போட்டு வரைந்துவிடும்.

அன்றைக்குப் பார்த்து அவள் கம்ப்யூட்டர் ‘டொப்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கண்ணை மூடியது. கருகிய வாடை வந்தது. கைப்பக்குவம் லீவு. முதலாளி, “அவர் சீட்ல உக்காந்து போட்டுடும்மா, மேஸ்திரி ஆள் அனுப்பிட்டான்” என்றார்.

அவள் பென் டிரைவில் வைத்திருந்த தன் நிரலோடு போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டு, பதினாறு, எட்டு என்று தட்டினாள். பிரிண்ட் வந்தது. எண்கள் மூன்றும் இருக்கின்றனவா, இருக்கின்றன. மொத்தம் முப்பத்தாறு வருகிறதா, வருகிறது. முதலாளியும் முப்பத்தாறைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். தாளில் இடமிருந்து எட்டு, பதினாறு, பன்னிரண்டு என்று இருந்ததை இருவரும் பார்க்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள், அது மடியில் இருப்பதையே மறந்துவிட்டு எழுந்து போனாள்.

மேஸ்திரி கயிறு பிடித்து வெள்ளைத் தூள் போட்ட அன்று மருமகள் அலுவலகத்தில் இருந்தாள். மாமியார்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் அவர் முகத்தில் ஒரு தனிக் களை இருந்தது. பாத்திரம் துலக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினார்.

“மார்க்கிங் எல்லாம் சரியா இருக்கா அத்தை?”

“ரொம்பச் சரியா இருக்கு. ஆமா, உங்க ரூம் எத்தனை அடின்னு சொன்ன? பன்னண்டா? நல்ல பெரிய ரூம்தான்.”

கான்கிரீட் போட்டாயிற்று. சுவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பார்க்கப் போனார்கள். வாலு நேராக வலது ஓரத்துக்குப் போய், “அத்தை, வாங்க, உங்க அடுப்படி!” என்று கையை விரித்துக் கூப்பிட்டவள், அப்படியே நின்றாள். பிளான் வரைகிறவளுக்குக் கால் ஒரு டேப் மாதிரி. நடந்து பார்த்தாள். எட்டடியில் முடிய வேண்டிய அறை முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. இடது ஓரத்துக்கு ஓடினாள். அங்கே ஒரு சின்ன அறை, கிடங்குச் சுவரை மூக்கு உரசுகிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, முகம் வெளுத்துப்போச்சு?”

“அத்தை... அடுப்படி... அந்தப் பக்கம் வந்திருக்கு.”

மாமியார் மெல்லத் திரும்பி இடது பக்கம் பார்த்தார். கிடங்குச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “மறுபடியும் சுவரா?” என்றார். குடையை மடக்கிவிட்டு எழுந்தார். அழுதிருந்தால்கூட வாலு தாங்கியிருப்பாள்.

“ஒண்ணுமில்லம்மா,” என்றான் மகன்.

“நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க,” என்றாள் வாலு. பத்து வருஷத்தில் அவள் அவனிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மேஸ்திரியைப் பிடித்து விளாசினாள். அவர் மார்க்கிங் ஷீட்டை எடுத்து நீட்டினார். “நீங்க குடுத்ததுதானேம்மா? எட்டு, பதினாறு, பன்னண்டு. பெரியம்மாகூடப் பார்த்தாங்களே.” வாலு தாளைப் பார்த்தாள். தன் அலுவலகத் தாள், தன் எண்கள். வரிசைதான் தலைகீழ். ‘பெரியம்மா பார்த்தாங்க’ என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பாவம், அவருக்குத் தாளைப் பார்த்து என்ன தெரியும் என்று மாமியாருக்காக இன்னும் கொஞ்சம் உருகினாள்.

மறுநாள் பழுது பார்த்து வந்திருந்த தன் கம்ப்யூட்டரில் அதே நிரலை ஓட்டினாள். பன்னிரண்டு, பதினாறு, எட்டு. சரியாக வந்தது. எழுந்து கைப்பக்குவத்தின் மேஜைக்குப் போகும்போதே, பாதி வழியில், அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நடு அறையில் நின்றபடி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே ஒன்றுமறியாத மாமியாரின் ஜன்னலையல்லவா சுட்டிருக்கிறது!

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. இத்தனை நாளாக இந்த மனிதர் மட்டும் எப்படித் தப்பித்தார்?

“சார், சும்மா கேக்கறேன். ஒரு வரிசையைத் திருப்பணும்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

அவர் முகம் மலர்ந்தது. பேரப்பிள்ளையின் போட்டோவைக் காட்டச் சொன்னதுபோல் ஆவலாகத் திரையைத் திருப்பினார். “இதோ, ‘புரட்டு’ன்னு ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன் மேடம். ஒரு பக்கம் முழுக்க வரும். வேலைக்குச் சேர்ந்த வருஷம் எழுதினது.”

“ரிவர்ஸ்னு ஒண்ணு கூடவே இருக்கே சார்?”

“அதை நான் தொட்டதே இல்ல. கூடப்பிறந்ததுங்களை எல்லாம் நம்ப முடியுமா மேடம்? அந்தப் பேருக்குக் காவல் கிடையாது. எவனாவது வேலையத்தவன் வந்து அர்த்தத்தை மாத்தி வெச்சிட்டான்னா?”

“அப்படியெல்லாம் யார் சார் பண்ணுவாங்க?” என்றாள் வாலு. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“பண்ணுவாங்க மேடம், உலகம் கெட்டுக்கிடக்கு.”

ஆக, அந்த அலுவலகத்தில் ரிவர்ஸை நம்பிப் பிழைக்கிற ஒரே ஜீவன் அவள்தான். தனக்கு மட்டுமே பிடிக்கக்கூடிய கண்ணியை அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டு, அதைத் தேடிப்போய்க் காலை விட்டிருக்கிறாள். அவர் சாப்பிடப் போனதும் அந்த ஒரு வரியை அழித்தாள்.

வீட்டுக்குப் போனதும் மறைக்காமல் சொன்னாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிரிண்டர் டீயில் ஆரம்பித்து, கைப்பக்குவத்தின் கிண்டல், சேர்த்த ஒரு வரி, மறந்தது, உட்கார்ந்தது எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். மாமியார் வழக்கம்போல் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிண்டிக்கொண்டிருந்தார்.

“அப்போ, ஒரு பேருக்கு நீ வேற அர்த்தம் வெச்ச.”

“ஆமா அத்தை.”

“அந்த மெஷின் எதுவும் கேக்கல.”

“கேக்காது அத்தை. யார் எதுக்கு எந்தப் பேர் வெச்சாலும் கேட்டுக்கும். இடிச்சிட்டுத் திருப்பிக் கட்டச் சொல்றேன் அத்தை. நான் சேர்த்து வெச்ச நகை இருக்கு. உங்களுக்கு ஜன்னல் வேணும்.”

மாமியார் அடுப்பைத் தணித்தார். “இடிக்கறதாவது? வாயைக் கழுவு. எதுக்கு இடிக்கணும்? அந்தக் கல்லுல அடுப்படின்னு எழுதியிருக்கா? இன்னும் ஜன்னல்கூட வெக்கல, குழாய்கூடப் போடல. தெருப்பக்கம் இருக்கற ரூமுக்கு அடுப்படின்னு பேர் வெச்சிட்டா அது அடுப்படி.”

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “ஆனா அது பன்னண்டடி அத்தை.”

“அதுக்கென்ன, எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. சமாளிச்சுக்கறேன்.”

“அப்போ நாங்க...”

“எட்டடி ரூம் இருக்கே. ரெண்டு பேருக்கு எட்டடி போதாதா? சுவரைப் பார்த்துக்கிட்டே நான் இத்தனை வருஷம் முழிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க தூங்கத்தானே போறீங்க?”

இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு, இவ்வளவு பெருந்தன்மையான ஒரு மாமியாரிடம், அலமாரி என்றும் மேஜை என்றும் பேச வாலுவுக்கு நாக்கு எழவில்லை. “நீங்க தெய்வம் அத்தை,” என்றாள். மாமியார் அதை மறுக்கவில்லை.

வீடு முடிந்தது. குடி போன அன்று மாமியார் தன் பன்னிரண்டடி ராஜ்யத்தின் நடுவில், மார்பளவு ஜன்னலுக்கு எதிரே நின்று, முதல் முதலாகப் பால் வைத்தார். வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. தையல் கடைக்காரர் யாரிடமோ, “இது நான் எடுத்த அளவே இல்லை” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மாமியார் அடுப்பை விட்டு நகராமல், கரண்டியைக் கீழே வைக்காமல், அந்தச் சண்டையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். பார்த்து முடித்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாலு அதைப் பார்த்துத் தானும் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேஸ்திரி டீக் கோப்பையோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்ன பெரியம்மா, திருப்தியா? நான் அன்னிக்கே பயந்தேன்மா,” என்று வாலுவின் பக்கம் திரும்பினார். “தூள் போடும்போதே பெரியம்மா வந்து, சின்ன ரூம் இந்தத் தெருப்பக்கம்தானே வரணும்னு கேட்டாங்க. தாளைக் காட்டினேன். அழிச்சிட்டு, ஆபீஸ்ல கேட்டுட்டுப் போடட்டுமான்னேன். கொஞ்ச நேரம் பெரிய ரூம் கோட்டுக்குள்ள நடந்து பார்த்தாங்க. ‘வேண்டாம், என் மருமக தப்பு பண்ண மாட்டா, நீ கான்கிரீட்டைப் போடு’ன்னு சொல்லிட்டாங்க. எவ்வளவு நம்பிக்கை பாருங்க உங்க மேல!”

மேஸ்திரி கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். வாலு மெல்லத் திரும்பினாள். மாமியார் மிகுந்த சிரத்தையோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தை.”

“பால் பொங்குதா பாரு.”

“அன்னிக்கே உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூளை அழிச்சு மாத்திப் போட்டிருப்பாங்க. நான் நகையை விக்கறேன்னு அழுதேன். அப்பகூடச் சொல்லல. ஏன் அத்தை சொல்லல?”

மாமியார் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்லியிருந்தா எட்டடி அடுப்படிதானே கிடைச்சிருக்கும்?”

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது போலிருக்கிறது. வாலு ஹாலைத் தாண்டித் தன் அறைக்குப் போனாள். உள்ளே கட்டில் போட்டது போக மிச்சமிருந்த இடத்தில் கதவு பாதிதான் திறக்கும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைய வேண்டும். நுழைந்து, கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் கிடங்குச் சுவர். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கணவன் கதவிடுக்கில் தலையை நீட்டி, “என்ன ஆச்சு?” என்று கேட்கும் அளவுக்கு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

“ஒண்ணுமில்ல,” என்றாள்.